நாலு டிரம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌகரியம். அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மட்டும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மாத்திரை சாப்பிட்டதை மறந்துவிட்டு இன்னொன்றைச் சாப்பிடப் போகிறாள், நான் பிடுங்கி வைக்கிறேன். நீயும் உன் மனைவியும் சுகம்தானே? குட்டி பள்ளிக்கூடத்தில் அழாமல் உட்காருகிறாளா?

போனில் பேச முடியாத விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன். உன் போன் உங்கள் லைன்மேன் கேங்குக்கே பொதுச்சொத்து. போன தடவை நான் அரைமணி நேரம் பேசியது உங்கள் சமையல்காரரிடம்.

போன திங்கட்கிழமை என் மேஜைக்கு ஒரு எஸ்டிமேட் சரிபார்ப்புக்கு வந்தது. துறைமுகத்திலிருந்து உருக்காலைக்கு, எண்பது கிலோமீட்டர் டி.சி. மின்சார லைன். எவ்வளவு கம்பி வேண்டும் என்று போட்ட கணக்கு. கடைசிப் பக்கத்தில் இருந்த கையெழுத்தை இரண்டு தடவை படித்தேன். அவர்தான். நீங்கள் எல்லாரும் 'வாயுத்தரவு' என்று பேர் வைத்தீர்களே, அதே ஆள். எதையும் எழுதிக் கொடுக்காமல் வாயாலேயே வேலை வாங்குகிறவர். இந்த எஸ்டிமேட் தேறினால் திட்டத்துக்கே தலைவர் அவர்தானாம்.

ஒரே மாதிரிக் கணக்குதான், ஒன்பது வருஷமாகியும் மாறவில்லை. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். சாதாரண இரட்டைக் கம்பி லைனுக்கு நூறு கிலோ செம்பு தேவைப்படும் இடத்தில், நடுப்புள்ளியை மண்ணோடு இணைத்துவிட்டால் இருபத்தைந்து கிலோ போதும். அந்த நடுவுக்கும் ஒரு அரைப்பருமன் கம்பியை ஓட்டினால் முப்பத்தொன்றே கால். அந்த ஆறேகால் கிலோவை மிச்சம் பிடிப்பதுதான் அவருடைய வாழ்நாள் பெருமை. மண்ணே கம்பியாக இருக்கும் என்பார். உங்கள் சுரங்க லைனிலும் அதைத்தானே செய்தார்? நாலாவது கிலோமீட்டரில் கல் உடைக்கும் ஆலை, கீழே முழுக்கப் பாறை, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆலை ஓடிய முதல் நாளே வாயிற்காவலர் இரும்புக் கதவைத் தொட்டு ஷாக் அடித்து விழுந்தார். அப்புறம்தான் மின் ஸ்டேஷனிலிருந்து ஆலைவரை நடுக்கம்பி ஓட்டச் சொன்னார். ஸ்டோர்கீப்பராக இருந்த அப்பாவிடம் வந்து, "நாலு டிரம் கம்பி குடுங்க, சீட்டு நாளைக்கு அனுப்புறேன்" என்றார். அப்பா கொடுத்தார். சீட்டு வரவே இல்லை.

மொத்தம் முப்பத்தேழு டிரம், ஒவ்வொன்றிலும் ஒரு கிலோமீட்டர் கம்பி. பதினெட்டு கிலோமீட்டருக்கு இரண்டு கம்பி, முப்பத்தாறு. தொய்வுக்கும் இணைப்புக்கும் ஒன்று. நாலு டிரம் நடுவில் போனால் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குக் கம்பி இல்லாமல் லைன் நிற்கத்தானே செய்யும்? நின்றது. அவர் என்ன சொன்னார்? 'என் கணக்கு சரி, ஸ்டோர்கீப்பர் விற்றுவிட்டார்.' நடுக்கம்பி? 'அது கழற்றிய பழைய லைனின் கம்பி.'

அப்பாவின் பெயரே 'நாலு டிரம்' ஆகிப்போனது. அவர் இறந்த அன்று எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பக்கத்து ஆளிடம், "நாலு டிரம் போயிட்டாரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் கேலியாகக்கூடக் கேட்கவில்லை, பெயரைச் சொல்கிறமாதிரிதான் கேட்டார்.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். பழைய கம்பி என்றால் ஏழு இழை. அப்பா கொடுத்த டிரம் என்றால் பத்தொன்பது இழை. அந்த நடுக்கம்பி இன்னும் உன் தலைக்கு மேலேதான் தொங்குகிறது. அடுத்து லைனை நிறுத்தும்போது ஆலைப் பக்கம் இணைப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஒரு சாண் வெட்டி எனக்கு அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ அப்போது கடைசி முனையில் கம்பத்துக்குக் குழி தோண்டும் கேங்கில் இருந்தாய். அந்தப் பக்கம் நீ இருந்திருந்தால் அப்பாவுக்கு ஒரு சாட்சியாவது இருந்திருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். பரவாயில்லை, இப்போது இரு.

குட்டிக்கு என் முத்தம்.
அக்கா

•

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவை மாடி ஏற விடாதே, துணி காயப்போட கீழேயே கொடி கட்டிக்கொள்ளுங்கள். குட்டி இப்போது அழுவதில்லை, பக்கத்தில் இருக்கிற பையனை அழவைக்கிறாளாம். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

எனக்கு போன மாதம் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஏணியில் ஏறுவதே சிரமமாக இருக்கிறது. ஃபோர்மேன் ஆன பிறகு நான் ஏறுவதும் குறைவு. லைனை எப்போது நிறுத்துவார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆலையில் இப்போது இரண்டு ஷிப்ட்.

அக்கா, நான் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அப்பாவும் இல்லை. அவர் பெரிய இடத்தில் இருக்கிறவர், நீ மேஜையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவள். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது?

குவார்ட்டர்ஸில் சமையலறைக்கு ஓடு மாற்றிக் கொடுத்தார்கள். உன் தம்பி மனைவி சந்தோஷமாக இருக்கிறாள். லீவு போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வந்துவிட்டுப் போங்களேன்.

அன்புடன்,
தம்பி

•

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். கொடி கட்டியாகிவிட்டது. உன் கணுக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

எனக்கு என்ன ஆகும் என்று நீ கவலைப்பட வேண்டாம். நேற்று அவரை நேரில் பார்த்தேன். எஸ்டிமேட் ஏன் நகரவில்லை என்று கேட்க வந்தார். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருக்கிறது. நல்ல மனிதர் மாதிரியே இருக்கிறார், தம்பி.

"எங்கம்மா மாட்டிக்கிட்டிருக்கு?" என்றார்.

"நடுக்கம்பி இல்லையே சார்?"

"எதுக்கு? மண்ணு இருக்கு. மண்ணுக்கு யாரும் விலை வைக்கலை." சிரித்தார். "நீ இந்த வேலைக்குப் புதுசா?"

"ஆறு வருஷம் சார்."

"பரவாயில்லை. எண்ணெல்லாம் முத்து முத்தா எழுதுறே. யாருகிட்ட கத்துக்கிட்டே?"

அப்பாவிடம் என்று சொன்னேன். ஸ்டோர் புத்தகத்தில் ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று என்னைச் சிலேட்டில் எழுதவைத்தவர் அவர்தானே. "அப்பா என்ன வேலை?" என்று இவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

எஸ்டிமேட்டை நான் வேண்டுமென்றேதான் பிடித்து வைத்திருக்கிறேன். நடுக்கம்பியைச் சேர் என்று இன்றைக்கே ஒரு குறிப்பு எழுதினால், அவர் சேர்த்துவிட்டுத் தலைவர் ஆகிவிடுவார். அப்படி நடக்கக் கூடாது. எல்லாரும் பார்க்கும் இடத்தில், அவர் வாயைத் திறக்க முடியாமல் உட்கார வேண்டும். விசாரணை நடந்த எட்டு மாதமும் அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இரவு படுத்தால் எனக்கு வாயுத்தரவு வாயடைத்து உட்காரும் காட்சிதான் வருகிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

அந்த ஒரு சாண் கம்பி வேண்டும். நீ ஏற முடியாவிட்டால் வேறு யாரையாவது ஏற்று. நீதானே ஃபோர்மேன்.

அக்கா

•

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

நேற்று லைன் நின்றது. நீ கேட்டதை வெட்டி இந்த உறையிலேயே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள். ஏழு இழைதான். பழைய கம்பிதான் போலிருக்கிறது. எனக்கும் வருத்தமாக இருக்கிறது. அப்பா எங்கேயோ கணக்கில் தவறவிட்டிருக்கலாம். வயதான காலத்தில் யாருக்கும் வருவதுதான்.

இத்தோடு விட்டுவிடு அக்கா. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அம்மாவுக்கு என் வணக்கம்.
தம்பி

•

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நான் மூன்று நாள் அலுவலகம் போகவில்லை.

உன் கம்பி வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு இழை. ஒன்பது வருஷமாக நான் நம்பியது பொய்யா என்று அப்பாமேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அம்மா வந்து, "என்னடி அது, செம்பா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று துணியில் மறுபடி சுற்றினேன்.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. எஸ்டிமேட் போடுகிறவளுக்குக் கம்பியைக் கொடுத்தால் அதை அளக்காமல் இருப்பாளா? அளந்தேன். ஒரு இழை இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிரம் கம்பியின் பருமன் நூறு சதுர மில்லிமீட்டர், இதன் மொத்தப் பருமன் அதில் கால்வாசிதான். உங்கள் ஆலை இருநூறு ஆம்பியர் இழுக்கிறது, அது உங்கள் ஸ்டேஷன் அறிக்கையிலேயே இருக்கிறது. நாலு கிலோமீட்டர் தூரம் இந்த மெல்லிய கம்பி வழியே இருநூறு ஆம்பியர் திரும்பினால், நடுக்கம்பி மட்டுமே ஐந்நூற்றுச் சொச்சம் வோல்ட்டைத் தின்றுவிடும். வெளிக்கம்பி தின்பது போக, ஆயிரத்து ஐந்நூறு வோல்ட்டில் ஆலைக்குப் போய்ச் சேருவது பாதிதான். அதில் கல் உடைக்கிற இயந்திரம் ஓடாது, முனகும். கம்பியும் சூடேறி ஆடுமாடு முட்டுகிற உயரத்துக்குத் தொங்கியிருக்கும். ஆனால் ஆலை ஒன்பது வருஷமாக ஓடுகிறது. இரண்டு ஷிப்ட் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஆக, நீ அனுப்பியது அந்த நடுக்கம்பி இல்லை.

யாராவது உன்னிடம் மாற்றிக் கொடுத்தார்களா? எந்தக் கம்பத்தில் வெட்டினாய்? நீயே ஏறினாயா, வேறு ஆள் ஏறினானா? யார் ஏறியது என்று பெயரைச் சொல். வாயுத்தரவுக்கு அங்கே இன்னும் கையாள் இருக்கிறான் என்றால் அவனையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறேன்.

உடனே எழுது.
அக்கா

•

ஜூன் 6

தம்பிக்கு,

இங்கே நலம். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. போன் எடுத்தால் நீ லைனில் இருப்பதாகச் சொல்கிறார்கள். உன் மனைவியிடம் பேசினேன். "அவரு சரியாச் சாப்பிடுறதில்ல அண்ணி, கேட்டா எரிஞ்சு விழுறாரு" என்றாள்.

பழைய விசாரணைக் கோப்பைக் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். புது எஸ்டிமேட்டைச் சரிபார்க்கப் பழைய லைனின் ஆவணம் வேண்டும் என்று காரணம் சொன்னதால் மறுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் அப்பாவுக்கு மட்டும் படித்துக் காட்டினார்கள், நகல் தரவில்லை. நடுக்கம்பி பழையதுதான் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஐந்து பேராம். ஐந்து பெயரும் தெரியத்தானே போகிறது.

அக்கா

•

ஜூன் 15

அக்காவுக்கு,

குட்டிக்கு நாலு நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை. எழுத நேரமில்லை.

கோப்பை வாங்காதே. காரணம் கேட்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

தம்பி

•

ஜூலை 2

கோப்பு வந்துவிட்டது.

நான்காவது கையெழுத்து உன்னுடையது. பெயரின் கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுப்பாய், பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்த்தேன். வாக்குமூலத்தை அப்புறம்தான் படித்தேன். 'நடுக்கம்பி இழுத்த கேங்கில் நானும் இருந்தேன். பழைய கம்பியைத்தான் இழுத்தோம். ஸ்டோரிலிருந்து டிரம் எதுவும் வரவில்லை.'

அந்தத் தேதிக்கு மறுநாள் நீ எனக்கு விடுதிக்கு எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. 'நான் கடைசி முனையில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன், அக்கா. எனக்கு ஒன்றும் தெரியாது.'

மூன்று மாதம் கழித்து உனக்கு வேலை நிரந்தரமானது. அப்பாவே கடைக்குப் போய் இனிப்பு வாங்கி வந்தார். நானும் தின்றேன்.

நான் இதுவரை ஒருவரைத்தான் அழிக்க நினைத்திருந்தேன். உன்னை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. எழுது. ஒரு வரி பொய் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், அது உனக்குத் தெரியும்.

•

ஜூலை 19

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பத்து நாள் போய்விட்டது. நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு டிரம்மையும் ஸ்டோரிலிருந்து உருட்டி வண்டியில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அப்பா கதவைத் திறந்துவிட்டு, "கையைப் பாத்து, டிரம் காலில ஏறிடப் போவுது" என்றார். பத்தொன்பது இழைக் கம்பி. நாலு கிலோமீட்டரும் நான் கூட இருந்து இழுத்தேன். இழுத்து முடித்த அன்று வாயுத்தரவு எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் லைன் நின்றது, விசாரணை வந்தது. எழுதிக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் என்னை அவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆலைவரைக்கும் ஓட்டினார். அந்தக் கம்பிக்குக் கீழேதான் நிறுத்தினார்.

"உங்கப்பா சீட்டு இல்லாம சரக்கு குடுத்துட்டாரு. அதுக்கே அவர் வேலை போயிடும். அதை யாராலயும் மாத்த முடியாது. இப்ப கேள்வி உன்னைப் பத்தினது. வீட்டில ரெண்டு பேர் வேலையும் போகணுமா, ஒருத்தர் வேலையாவது தங்கணுமா? அக்காவுக்கு விடுதிக் கட்டணம் யார் கட்டுறது? நீயே கணக்குப் போட்டுப் பாரு" என்றார்.

நான் கணக்குப் போட்டேன் அக்கா. அவர் சொன்னது அப்போது எனக்குச் சரியாகவே பட்டது. உன் படிப்புக்காகச் செய்தேன் என்று சொல்லி உன்மேல் பழியைத் தூக்கிப் போடப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, நிரந்தர வேலை வேண்டியிருந்தது. உன் படிப்பு எனக்கு நல்ல சாக்கு.

திருடன் என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. சீட்டு இல்லாமல் கொடுத்ததற்குத்தான் தண்டனை என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் விற்றார் என்று எழுதினார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

உனக்கு அனுப்பிய துண்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடந்த பழைய எர்த் கம்பி. வெட்டும்போதே நீ அளப்பாய் என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேனோ என்னவோ.

தினமும் அந்தக் கம்பிக்கு அடியில்தான் வேலைக்குப் போகிறேன். நிமிர்ந்து பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டேன். லைன் ஃபோர்மேன் நிமிர்ந்து பார்க்காமல் நடக்கிறான் என்று கேங்கில் ஒரு கேலி உண்டு. காரணம் யாருக்கும் தெரியாது.

நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி

•

ஜூலை 26

உன் கடிதத்தைப் படித்தேன். உன்மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். எங்கள் பிரிவுத் தலைவியிடம் பேசிவிட்டேன். எஸ்டிமேட்டுக்கு ஆதாரமாகக் காட்டிய பழைய லைனில் நடுக்கம்பி என்ன பருமன் என்று நேரில் பார்த்து உறுதிசெய்ய ஒரு ஆய்வு அதிகாரி ஆகஸ்ட் 8 அன்று அங்கே வருகிறார். அன்று காலை லைனை நிறுத்துகிறார்கள். நீ ஏற வேண்டும். வேறு ஆளை ஏற்றக் கூடாது. அவர் கண்ணெதிரே வெட்டி, எண்ணி, முத்திரை போட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் கொடுத்த வாக்குமூலம் பொய், சொல்லச் சொன்னவர் இன்னார் என்று உன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

உன் வேலை போகும். குவார்ட்டர்ஸ் போகும். இதை நீ தெரிந்துகொண்டே ஏற வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். உன் மனைவியிடம் நீயே சொல். என்னைக் கொண்டு சொல்லவைக்காதே.

அக்கா

•

ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது.

முதல் நாள் சாயங்காலம் அவளிடம் சொன்னேன். குட்டியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "ஓடு மாத்தினாங்களே, அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தச் சுவருக்கு நான் பெயின்ட் அடிச்சிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "உங்கப்பா நம்ம கல்யாணத்துக்கு வந்து மூணு நாள் இந்த வீட்டிலதான் இருந்தாரு. அவரு முகத்தைப் பாத்துக்கிட்டு எப்படிச் சோறு சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். தைத்த சட்டையை மடித்து வைத்துவிட்டுக் குட்டியோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதிகாரி காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். சின்ன வயது, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. கம்பிக்கு எர்த் மாட்டிவிட்டு ஏறினேன். ஆலையின் தூசு கம்பியெல்லாம் மாவு மாதிரி படிந்திருந்தது. துடைத்துவிட்டு வெட்டினேன். மேலேயே எனக்குத் தெரியும், இருந்தாலும் மேலே வைத்து ஒரு தடவை எண்ணினேன். கீழே இறங்கி அவர் எண்ணினார், இரண்டாம் தடவை என்னை எண்ணச் சொன்னார். பத்தொன்பது.

"கோப்பில ஏழுன்னு இருக்கே ஃபோர்மேன்?" என்றார்.

"அது பொய்ங்க சார். நான்தான் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த ஸ்டோர்கீப்பர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அப்பா."

அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார். ஜீப்பின் மேல்மூடியில் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம் வந்தது. சாயங்காலமே தற்காலிக நீக்க உத்தரவு வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்ய செப்டம்பர் பதினைந்து வரை கெடு.

கேங்கில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்ற நாலு கையெழுத்தில் இரண்டு பேர் இன்னும் இங்கேதான் வேலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் என்னால் ஆபத்து. இன்று காலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே கடைக்குப் போனேன். வேறு ஒன்றும் நல்லதாகச் சொல்ல இல்லை.

எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மாவுக்குச் சொல்லிவிட்டாயா?

தம்பி

•

செப்டம்பர் 4

தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். குட்டிக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

கூட்டம் நேற்று நடந்தது. நீள மேஜை, பதினோரு பேர். அவர் தலைமை நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார், எழுந்து அதில் மாறி உட்கார்வதுதான் பாக்கி என்பதுபோல. எஸ்டிமேட்டைப் பற்றி என்னைக் கேட்டார்கள். நடுக்கம்பி இல்லாமல் இந்தத் தடத்தில் ஓடாது, பழைய லைனிலும் ஓடவில்லை, அங்கே நாலு டிரம் புதுக் கம்பி போனது என்றேன்.

"அது பழைய கம்பிம்மா. அஞ்சு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றார் பொறுமையாக.

முத்திரையைப் பிரித்துத் துண்டை அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே எண்ணுங்க சார்."

மறுத்திருக்கலாம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் கையில் எடுத்தார். பேனா முனையால் ஒவ்வொரு இழையாகத் தள்ளி எண்ணினார். வாய்விட்டுத்தான் எண்ணினார். எட்டு என்றதும் நிறுத்திவிட்டார். நான், "ஒன்பது" என்றேன். பத்து, பதினொன்று என்று நானே சொல்லிக்கொண்டு போனேன், பத்தொன்பது வரைக்கும். அவசரப்படவே இல்லை. அவர் முகத்தை ஒவ்வொரு எண்ணுக்கும் பார்த்தேன். பிறகு உன் மூன்று பக்கத்தையும் எங்கள் பிரிவுத் தலைவி படித்தார்.

"யார் மகம்மா நீ?" என்று கேட்டார், மெதுவாக.

"அந்த ஸ்டோர்கீப்பர் மக."

அவரை அன்றே அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை எந்தத் திட்டத்திலும் அவர் பெயர் இருக்காது. அப்பாவின் மேலிருந்த திருட்டுக் குற்றத்தை ரத்து செய்து கடிதம் வரும். இத்தனை வருஷத்தில் எனக்கு இவ்வளவு நன்றாகப் பசித்ததில்லை. வரும் வழியில் ஓட்டலில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

அந்தத் தெம்பில்தான் வீட்டுக்கு வந்து, உன் ஜூலைக் கடிதத்தை எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. உன்னைத் தண்டிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை, அம்மா உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று நீ ஆயுசு முழுக்க யோசித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மறைக்காமல் சொல்கிறேன்.

அம்மா அழவில்லை. பயறு பொறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவும் இல்லை.

"தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"விசாரணையில அஞ்சு பேர் எழுதினதையும் உங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டினாங்கல்ல. வந்து அன்னைக்கே சொன்னாரு. பேசாம இருங்கன்னு நான் சொல்லலை, அவரா முடிவு பண்ணினாரு. இவன் பொய் சொல்றான்னு சொன்னா பையன் மாட்டிக்குவான், நான் தப்பிச்சுக்குவேன், அப்படித் தப்பிச்சு என்ன பண்ணப் போறேன்னு கேட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கினாரு. பெரியவளுக்குத் தெரிஞ்சா அவனை விடமாட்டாள்னு."

நான் எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோதும் பயறு பொறுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இனிமேல் இதை அப்பாவுக்காகச் செய்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் சாகும்வரை திருடனாக இருந்து காப்பாற்றியதை நான் ஆறு மாதத்தில் இழுத்துப் போட்டுவிட்டேன். எனக்காகத்தான் செய்திருக்கிறேன். அந்த ஆள் எட்டோடு நிறுத்தியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன். உன் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியவில்லை.

அம்மா உங்கள் மூன்று பேரையும் இங்கே வந்துவிடச் சொல்கிறாள். பின்னறையை ஒழித்துவிட்டாள். முழங்கால் வலியோடு அவளே பரணில் ஏறிப் பாயை இறக்கியிருக்கிறாள், நான் அலுவலகத்தில் இருந்த நேரம் பார்த்து. வீடு அவளுடையது. வா என்று நான் எழுதவில்லை. பதினைந்தாம் தேதி ரயில் காலை ஆறே காலுக்கு வருகிறது, குழந்தையை வைத்துக்கொண்டு வண்டி கிடைக்காமல் நிற்பீர்கள். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். வழியில் என்னோடு பேச வேண்டாம்.

அக்கா